பதினேழாம் படியில் முனியராஜ்

டிபன் டப்பா மூடியில் கட்டையை உருட்டிக்கொண்டேதான் வருவான் முனியராஜ். காலை ஏழே காலுக்கு ரோடு பிரிகிற ஊர் விலக்கில் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டால், சிவகாசி அச்சாபீஸ் வாசலில் இறங்க நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவனுடைய வலது கை ஒரு மந்திரவாதி, இடது கை ஒரு போர்வீரன். இரண்டுக்கும் சண்டை. வேன் பள்ளத்தில் இறங்கிக் கட்டை துள்ளினால் அந்த உருட்டைச் சேர்க்க மாட்டான், மறுபடி உருட்டுவான். இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார்: "இன்னைக்கு யாருப்பா?"

"மந்திரவாதிதாண்ணே. இருபது சண்டைக்குப் பத்தொம்பது."

"அந்த ஒண்ணு எப்படிப்பா?"

"அது மந்திரவாதிக்கு காய்ச்சல்னு நானா வச்சுக்கிட்டது."

கட்டை என்றால் தாயக்கட்டை இல்லை. இருபது முகம் உள்ளது. அச்சாபீஸில் கட்டிங் மெஷின் அவன் கையில் இருக்கிறது. காலண்டர் அட்டையின் ஓரத்துண்டில் இருபது முக்கோணம் வெட்டி, மைதாப் பசையால் ஒட்டி, உள்ளே மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறான். இது ஐந்தாவது கட்டை. முதல் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன என்று உடைத்துப் போட்டான்; நாலாவது வீட்டில் இருக்கிறது. ஒரு கட்டையை ஆயிரம் தடவை உருட்டிப் பார்க்காமல் ஆட்டத்தில் இறக்க மாட்டான்.

இந்த ஆட்டம் அவனிடம் வந்தது அவன் மச்சான் சுடலையால். சுடலை, முனியராஜ் பெண்டாட்டி பொன்மணிக்கு மூத்தவன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், வெடிக்குழாய் சுற்றுவதற்கு வந்த வெளிநாட்டுப் பழைய பேப்பர் லோடில் ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. சிறகு முளைத்த நாகம், கவசம் போட்ட ஆள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். "நீதான் அச்சாபீஸ் ஆளாச்சே மாப்ளே, வச்சுக்க" என்று கொண்டுவந்து கொடுத்தான். அவன் எடுப்பதற்கு முன்பே குழாய் சுற்றும் பெண்கள் நடுவில் பத்துப் பதினைந்து தாளைக் கிழித்துவிட்டார்கள். பெரிய போர்வீரன் என்னென்ன செய்யலாம் என்று போட்டிருந்த தாள்கள் அவை. சரவெடிக்குள் சுருண்டு, எந்த ஊர்த் தீபாவளிக்கோ வெடித்துப் போயின.

முனியராஜ் பத்தாவது தவறியவன். ஆனால் சின்ன வயதில் ஈய எழுத்துக் கோத்தவன். எழுத்து இடவலம் மாறி இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். இப்போதும் புத்தகத்தை எதிரே இருப்பவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் தலைகீழாக வாசிப்பான். அகராதியை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் மெனக்கெட்டு அதன் சூட்சுமத்தைப் பிடித்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். நாகம் வழியை மறிக்கிறது, என்ன செய்கிறாய் என்று கதை சொல்கிறவர் கேட்பார். வெட்டுகிறேன் என்றால் கட்டையை உருட்ட வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்று கட்டை சொல்லும். ஜெயிக்க ஜெயிக்க ஒவ்வொரு படியாக ஏறலாம். மொத்தம் இருபது படி. புத்தகத்தில் அதற்கு லெவல் என்று பேர்.

கதை சொல்கிறவன் முனியராஜ். போர்வீரன் சுடலை. மந்திரவாதி, முனியராஜின் சித்தப்பா மகள் மாரிசெல்வி. அதே அச்சாபீஸில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறது. வைத்தியச்சி வேஷம் பேச்சியம்மாளுக்கு. சுடலைக்கும் பொன்மணிக்கும் தாயார், முனியராஜுக்கு மாமியார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று பேருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று தாளைப் பார்க்காமல் சொல்லும். "மருமகனே, என் மகனுக்கு நாப்பத்தி ரெண்டு. நீங்க நாப்பதுன்னு எழுதிட்டீக" என்று திருத்தும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு எழுந்ததும் கோரைப்பாயை விரித்தால் விளக்கு வைக்கும் வரை ஆட்டம்.

இவனுக்கு ஆட்களைப் பார்த்ததும் வேஷம் பிரிக்கிற பழக்கமும் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வாளி தூக்குகிறவர் போர்வீரன், மொய் எழுதுகிறவர் மந்திரவாதி, சுக்குக் காபி ஆற்றுகிறவர் வைத்தியர். என்னைப் பாணன் என்றான். "பாணனுக்கு வெட்டவும் தெரியாது, மந்திரமும் அரைகுறை சின்னய்யா. ஆனா அவரு இல்லாட்டி நடந்ததை யாரு சொல்லுவா?" மகன் முறை ஆகிறவன், போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ரத்தத்தில் இருப்பது எங்கே போகும்? அவன் பாட்டனார் மொக்கைச்சாமி, எனக்குப் பெரியப்பா. கோயில் கிடா வெட்டினால் கறியைக் கூறு போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். தராசு கிடையாது. பனையோலை விரித்துக் கையாலேயே நாற்பது கூறு வைப்பார். ஒரு கூறில் எலும்பு கூடினால் ஈரலில் ஒரு துண்டு கூடும். எந்தக் கூறும் எதைப் போலவும் இருக்காது; எவன் வாயிலும் முணுமுணுப்பு வராது. பேரனும் ஆறு வருஷமாக மூன்று வேஷத்துக்கும் மூன்று கூறு வைக்கத்தான் பாடுபட்டான்.

கீழ்ப்படிகளில் கஷ்டமில்லை. அப்போதெல்லாம் மாரிசெல்வி ஒரு மந்திரம் போட்டாலே மயங்கி விழும். சுடலைதான் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். பத்தாம் படி தாண்டியதும் தராசு சாய்ந்தது. பதினைந்தில் மாரிசெல்வி பறந்தது. பதினேழில் வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிற படை சாம்பல். சுடலை வாளை உருவிக்கொண்டு எழுந்திருப்பான். "மச்சான், உக்காருங்க. முடிஞ்சிருச்சு" என்று அது கையைத் தட்டும்.

முனியராஜ் சுடலைக்குப் பெரிய வாள் கொடுத்துப் பார்த்தான். மலையைப் பிளக்கிற வாள். "வாளு நல்லாத்தான் இருக்கு மாப்ளே. நான் கிட்டப் போறதுக்குள்ள வெட்ட ஆளு இருக்க மாட்டேங்குதே" என்றான் சுடலை. அடுத்த வாரம் மாரிசெல்வியின் மந்திரங்களில் பாதியைக் குறைத்தான். அது பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டது. "ஆறு வருசமா ஒண்ணொண்ணாப் படிச்சு ஏறுனது. ஒரு ஞாயித்துக்கிழமைல புடுங்குவீகளாண்ணே?" குறைத்த பாதியும் அதனிடமே திரும்பிப் போனது.

எல்லாப் பழியையும் அவன் அந்தக் கிழிந்த தாள்கள் மேல் போட்டுவைத்திருந்தான். அதையும் மாரிசெல்வி கெடுத்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் தேடி வாசித்துவிட்டு வந்தது. "அண்ணே, அதுலயும் ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை வாள் வீசலாம்னு போட்டிருக்கான், அம்புட்டுத்தான்."

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் சுடலை துண்டை உதறித் தோளில் போட்டான். கோபமெல்லாம் இல்லை. "அடுத்த வாரம் எங்காத்தாவைக் கொண்டாந்து விட்டுட்டுப் போறேன் மாப்ளே. நீங்க ஆடுங்க. எனக்கு இங்கன வேலை இல்ல."

நாலு பேரும் ஒரே நாளில் முதல் படியில் காலை வைத்தவர்கள். சேர்ந்தே இருபதுக்குப் போக வேண்டும் என்பது முனியராஜின் ஆசை. ஒருவன் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்க அவனுக்கு மனசு வராது. ஆட்டமே அதோடு சரி. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பொன்மணி விடவில்லை. "பூதத்தையெல்லாம் கொல்றீக. எங்கண்ணனை ஒரு எடத்துல உக்கார வைக்க முடியலையாக்கும்?"

புதன்கிழமை லேபிள் கட்டுகளோடு அச்சாபீஸ் வண்டி சுடலையின் கம்பெனிக்குப் போனது. முனியராஜும் ஏறிப் போனான். கேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உள்ளே வெடிமருந்து கலக்கிற நேரம். தூரத்தில், தனியாக நிற்கும் மருந்து ரூம் வாசலில், வெறுங்காலோடு சுடலை நின்றுகொண்டிருந்தான். முதலில் தரையைப் பார்த்தான். சுற்றியிருந்த ரூம்களில் வேலை செய்தவர்களை வெளியேற்றினான். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினான். பிறகு உள்ளே பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அதற்குப் பிறகுதான் கலக்குகிறவர் மருந்தில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி கார் வந்தது. முதலாளி இறங்கி நடந்தார். சுடலை திரும்பக்கூட இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினான். முதலாளி இருந்த இடத்திலேயே வெயிலில் நின்றார். கால் மணி நேரம்.

"சின்னய்யா, கலக்குறவருதான் பெரிய வித்தைக்காரரு. ஆனா எங்க மச்சான் சொல்லாம அவரு கை அசையல" என்று என்னிடம் வந்து சொன்னபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

வெள்ளிக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போய், "இந்த ஒரு வாரம் மட்டும் வாங்க. பிடிக்கலைன்னா நானே உங்களைத் திரும்ப வீட்டுல கொண்டாந்து விடுறேன்" என்று கையைப் பிடித்துக் கேட்டான். பொன்மணி கையால் செய்த முறுக்கையும் கொண்டுபோயிருந்தான் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்ததும் புதுச் சட்டம் சொன்னான். பதினாறாம் படிக்கு மேல் பெரிய மந்திரம் நினைத்த மாத்திரத்தில் விழாது. இடம் கட்ட வேண்டும். எதிரியை எல்லைக்குள் தள்ளி, நம் ஆட்களை எல்லைக்கு வெளியே எடுத்து, குறுக்கே எவனும் வராமல் காக்க வேண்டும். களத்தில் யார் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் போர்வீரன் ஒருவன்தான். அவன் "விடு" என்று சொன்ன பிறகு விட்டால் மந்திரம் இரட்டிப்பாக விழும். சொல்லுமுன் விட்டால் விட்டவள் மேலேயே திரும்பும்.

மாரிசெல்வி புருவத்தைத் தூக்கியது. "அப்ப நான் மச்சான்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"அனுமதி இல்லம்மா, நேரம். ரெண்டு மடங்குன்னு சொன்னது காதுல விழுந்துச்சா?"

அது மனசுக்குள் என்னவோ கூட்டிப் பார்த்தது. "சரி, வரட்டும் நாகம்."

வந்தது. ஐந்து தலை, மலை அகலச் சிறகு. சுடலை முதலில் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தான். யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டான். நாகம் ஆற்றங்கரையில், வைத்தியச்சி அதற்குப் பத்தடி பக்கத்தில். அவன் முதுகு சுவரை விட்டு நிமிர்ந்தது.

"ஆத்தா, வெளிய வா."

"நான் எதுக்குடா நகரணும்? எனக்கு முட்டு வலி. இங்கனயே இருக்கேன்."

"ஆத்தா, வெளையாடாத. மாரி மருந்தைக் கையில வச்சிருக்கு."

"வச்சிருக்கட்டும். தூக்க முடிஞ்சா தூக்கு."

சுடலை கட்டையை எடுத்தான். நாகத்தின் வாலைத் தாண்ட வேண்டும்: நாலு. விழுந்தான். மறுபடி: ஏழு. வால் அடித்து உயிரில் பாதி போனது. பேச்சியம்மாள் கிடந்த இடத்திலிருந்தே மகனுக்கு வைத்தியம் பார்த்தது. மூன்றாவது: பதினெட்டு. "தூக்கிட்டேன்! ஆத்தாளைத் தூக்கிட்டேன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் பொன்மணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

எல்லை கட்டியாயிற்று. மாரிசெல்வி கட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மச்சான் வாயையே பார்த்தது. சுடலை பாயிலிருந்து எழுந்தேவிட்டான். கையை விரித்து நீட்டிக்கொண்டு, தரையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாகப் பார்த்தான். அவசரமே படவில்லை.

நாகத்தின் முறை வந்திருந்தது. முனியராஜ் இன்னொரு கட்டையை எடுத்துக் குலுக்கப் போனான். நீட்டியிருந்த உள்ளங்கை அவன் பக்கம் திரும்பியது.

"நீயுந்தான் மாப்ளே. நான் இன்னும் சொல்லல."

முனியராஜ் கட்டையைப் பாயில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.