முற்றத்துக் கல்லைக் கழுவ ஒரு மெஷின்

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் இவானீர் ஊருக்கு வரவில்லை. அந்த ஊரில் குளிர்காலமான ஜூன் மாதத்தில், சமையலறைக் கதவுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, ஈரக் கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் அவள். கட்டுப் போட்ட கையோடு, கடலோரத்து ஃப்ளோரியானோபோலிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். கட்டைப் பிரித்ததும் வந்துவிடுவாள் என்று கணவர் அடெலார் போர்வைகளை எல்லாம் வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்திருந்தார். சாயங்காலம் போன் வந்தது.

"இப்போதைக்கு வரலை அடெலார். அந்தக் கல்லு மேல கால் வைக்கவே பயமா இருக்கு."

"அவ்வளவுதானே? கல்லைச் சுத்தம் பண்ணிடறேன்."

 "சரி," என்றாள் இவானீர்.

அவர்கள் ஊரான நோவா பிராட்டாவில் முற்றம் என்றால் பசால்ட் என்னும் எரிமலைக் கல்தான். ஊரில் பாதிப் பேர் அதை வெட்டி விற்றுத்தான் சாப்பிடுகிறார்கள். மூடுபனி இறங்கும் மாதங்களில் அதன்மேல் பச்சையாகப் பாசி படரும். இரண்டு குளிர்காலமாக இவானீர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "பாக்கலாம்" என்று அடெலாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மலைப் பண்ணைகளில் பால் எடுக்கும் லாரியை ஆயுசு முழுக்க ஓட்டியவர் அவர். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு உடம்பில் தெம்பு மிச்சமிருந்தது. பேச்சுதான் வரவில்லை.

ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டு டோனா ஜெலிண்டா சொன்னாள் என்று, வாளி நிறைய ப்ளீச் கரைத்து ஊற்றித் தேய்த்தார். பாசி போனது. கூடவே ஓரத்தில் இவானீர் வளர்த்த ஹைட்ரேஞ்சியாப் பூச்செடிகளும் கருகிப் போயின. அதற்கு அவள் சண்டை போடவில்லை. கருகிய செடிகளைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். ஆகவே இந்த முறை மருந்து வேண்டாம், தண்ணீர் மட்டும்தான், அதை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் நல்ல பிரஷர் வாஷர் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

கடைவீதியில் வன்பொருள் கடை வைத்திருக்கும் டோர்வலினோவின் மகனுக்கு அடெலார்தான் ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அடெலார் உள்ளே நுழைந்ததும் நேராகப் போய்ப் பெரிய மெஷின் முன்னால் நின்றார்.

"இருக்கறதுலயே அழுத்தம் ஜாஸ்தி எது?"

"எதுக்கு, மலையை உடைக்கப் போறீங்களா?"

"முற்றம் கழுவ."

"அப்ப அழுத்தத்தை மட்டும் பாக்காதீங்க கொம்பாத்ரே. நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி தள்ளுதுன்னு பாருங்க. அழுத்தம் அழுக்கைப் பேக்கும். அதைத் தள்ளிட்டுப் போறது தண்ணிதான். தண்ணி கம்மின்னா இங்க பேத்தது அங்க போய் ஒட்டிக்கும்."

அடெலார் அன்று வாங்கவில்லை. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். இரண்டு நாளில் திரும்பி வந்து பம்பைப் பற்றிக் கேட்டார். பிளாஸ்டிக் பம்ப் மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டினால் சூடேறிவிடும். உலோகத் தலை போட்டது கனம், ஆனால் உழைக்கும் என்றான் டோர்வலினோ. அடுத்த தடவை குழாயின் நீளத்தைப் பற்றிக் கேட்டார். குட்டைக் குழாய் என்றால் மெஷினை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டே அலைய வேண்டும் என்று பதில் வந்தது. பெட்ரோலில் ஓடுவதையும் கேட்டார். அதன் சத்தத்துக்கு டோனா ஜெலிண்டா பாதிரியாரிடமே புகார் சொல்வாள் என்று இருவரும் சிரித்தார்கள். கேள்வி தீர்ந்துபோன நாட்களிலும் அவர் போனார். கடையில் ஆள் நடமாட்டம் இருந்தது. டோர்வலினோ மாத்தே என்னும் மூலிகைத் தேநீரைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிக் கொடுப்பான். வீட்டில் அந்தக் கசப்பைத் தனியாகக் குடிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரியைப் பொண்ணு கேக்க அவங்க வீட்டுக்கு இத்தனை தடவை நடந்தீங்களா?" என்று ஒருநாள் டோர்வலினோ கிண்டல் செய்தான்.

"ரெண்டு தடவை," என்றார் அடெலார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெளியே வந்ததும், லாரியில் ஏறும் பழைய பழக்கத்தில் சாவிக்காகச் சட்டைப் பையைத் தடவிய பிறகுதான், தான் நடந்து வந்தது நினைவுக்கு வந்தது.

தினமும் சாயங்காலம் இவானீருக்குப் போன் செய்து மெஷின் விவரம் சொல்வார். வட்ட மூடிக்குள் பிரஷ் சுழலும் ஒன்று இருக்கிறது, தண்ணீர் சுவரில் தெறிக்காது என்பார். அவள் "ம்" என்பாள். ஒருநாள் கேட்டாள்: "மெஷினைத் தவிர வேற எதுவும் இல்லையா சொல்றதுக்கு?"

அவர் யோசித்தார். "நாசில்ல ரெண்டு வகை இருக்கு," என்றார்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கச் சொல்லி டோர்வலினோ கடையின் பெரிய மெஷினைக் கொடுத்து அனுப்பினான். குழாய் முனையில் சுழன்று பாயும் நாசிலை மாட்டி, குனிந்து கல்லுக்கு நெருக்கமாகப் பிடித்துவிட்டார் அடெலார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுக்கில் பூசியிருந்த சிமெண்ட் ஒரு முழ நீளத்துக்குப் பேர்ந்து பறந்து சுவரில் அடித்தது. மறுநாள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்தரமான ஒன்றை எடுத்தார். உலோகப் பம்ப், நீளக் குழாய், விசிறி போல விரியும் நாசில், அந்த வட்டப் பிரஷ். பேர்ந்த இடுக்கைத் தானே பூசிக் காயவிட்டார்.

கழுவ இரண்டு நாள் பிடித்தது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வாசலில் ஆரம்பித்துச் சரிவை நோக்கிப் போனார். பச்சையும் கறுப்புமாக இருந்த பரப்பில் நாசில் போன வழியெல்லாம் நீலச் சாம்பல் நிறம் திறந்துகொண்டு வந்தது. ஒரு கல்லை முடித்தால் பக்கத்துக் கல் அசிங்கமாகத் தெரியும். அதையும் முடிக்கத் தோன்றும். மெஷின் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டின் அமைதி அவருக்கு உறைக்கவே இல்லை. சேறு தெறித்த முகத்தோடு போட்டோ எடுத்து அனுப்பினார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் இவானீர் போனில். "சனிக்கிழமை வரேன்."

சனிக்கிழமை அவர் சவரம் செய்துகொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். அவள் சிறிய பையோடு இறங்கினாள். பெரிய பெட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக் கதவிலிருந்து துணிக்கொடி வரை வெறுங்காலில் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். நடையில் தயக்கமே இல்லை.

"வழுக்கலையே?"

"இல்லை. நல்லா செஞ்சிருக்க."

அவர் மாத்தே கலந்தார். முற்றத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவள் குடித்துவிட்டுக் குடுக்கையைத் திருப்பித் தந்தாள்.

"அடெலார், நான் கல்லுக்காகப் போகலை."

அவர் குடுக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றினார்.

"நீ லாரி ஓட்டின காலத்துல நான் தனியா இருந்தேன். அது பழகிப்போச்சு. ரேடியோ வெச்சுப்பேன், நானே பாடிப்பேன். நீ ஓய்வு பெத்து வீட்டோட வந்தப்புறம் நீ எதிர்ல உக்காந்திருப்ப, நான் பாட முடியாது, நீயும் பேச மாட்ட. அந்தத் தனிமை எனக்குப் பழகலை."

"மெஷின் வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் அடெலார்.

அவள் அவரைப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவ்வளவு ஆசையா பேசினது அதைப் பத்தித்தான். எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினையும் கம்பளிக் கோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். தையல் மெஷினை அவரே தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸின் அடியில் வைத்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அடுத்த பஸ்ஸின் டிரைவர் இடம் கேட்டு ஹாரன் அடித்ததும் நகர்ந்தார்.

வசந்தத்தில் டோனா ஜெலிண்டா தன் முற்றத்தையும் கழுவித் தரச் சொன்னாள். கழுவி முடித்ததும் காபியும் கேக்கும் வைத்து உட்காரவைத்தாள். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "உங்க முழங்கால் வலி எப்படி?" என்று கேட்டுவைத்தார். அவள் அரை மணி நேரம் பேசினாள். அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் போனில் இவானீரிடமும் அப்படித்தான் கேட்டார். என்ன சமைத்தாள், கை வலிக்கிறதா, கடற்காற்று எப்படி என்று. முதலில் அவள் சந்தேகமாகப் பதில் சொன்னாள். பிறகு கீழ்வீட்டுக் கிளி அவள் குரலிலேயே பேசக் கற்றுக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நடுவில் புகாமல் கேட்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது இப்படிப் பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்கு அடெலார் ஃப்ளோரியானோபோலிஸ் போனார். மகள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார். காலையில் இவானீரோடு கடற்கரையில் நடந்தார். அவள் அங்கே துணி தைத்துக் கொடுக்கிறாள். வழியில் ஆட்கள் பெயர் சொல்லி நிறுத்திப் பேசினார்கள். சமைக்கும்போது பாடினாள். இத்தனை வருஷத்தில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. ஊருக்குத் திரும்பி வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தார். பாட்டு நின்றுவிடும் என்று கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கிளம்பும் நாளில் கோழியும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். கோழியையும் ரொட்டியையும் அவர் பஸ்ஸிலேயே சாப்பிட்டு முடித்தார்.

பொழுது சாயும்போது வீட்டுக் கதவைத் திறந்தார். சுவருக்கு மேல் டோனா ஜெலிண்டாவின் தலை தெரிந்தது.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"வராளா?"

"இல்லை. வர மாட்டா," என்றார் அடெலார். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டோனா ஜெலிண்டா தலையை ஆட்டினாள்.  அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்து, அது கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.