ஏழுமலை இரண்டு முறை பார்த்த படம்

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது போன் வந்தது. நம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு ஏழுமலை நெஞ்சுவலியில் போய்விட்டான். "வண்டியை நிறுத்துடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பெங்களூர் ரோடே நின்றது. லாரிக்காரர்கள் இறங்கி வந்து துக்கம் விசாரித்தார்கள். நம்பாதவர்கள் டிரைவரைக் கேட்கலாம்.

வடக்குப்பட்டில் அவன் வீட்டு ஷாமியானாவில் உட்கார்ந்து ஒருவர் சொன்னார்: "நல்ல ஆளுதான், ஆனா சினிமாப் பைத்தியம். ஒரே படத்தை ரெண்டு வாட்டி பார்ப்பான்." அங்கேயே அவரோடு மல்லுக்கு நின்றேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். சரியாகச் சொன்னால் ஆறு பேர். ஏழுமலை பைத்தியம் இல்லை. அதைச் சொல்லத்தான், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேனா எடுத்திருக்கிறேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு காலைக் காட்சிக்குப் போகிறவர்கள் நாம். இடைவேளைக்குப் பிறகு யார் விழித்திருக்கிறோம்? குறட்டை விட்டுவிட்டு வந்து முழுப்படத்துக்கும் தீர்ப்பு சொல்வோம். ஏழுமலை மட்டும் டே ஷிஃப்ட் வாரம் வரும்வரை வாய் திறக்க மாட்டான். மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். "கேஜ் வெச்சு அளந்து பாக்காம பீஸை ஓகே பண்ணுவியாண்ணா? படமும் அப்படித்தான்" என்பான்.

போன வருஷம் ஒரு படம் வந்ததே, பிரஸ் மெஷினில் விரலை இழந்தவனிடம் 'என் தவறுதான்' என்று கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ளுமே, அந்தப் படம். இடைவேளையில் பப்ஸ் சாப்பிட்டதுதான் தெரியும், தூங்கிவிட்டேன். அதற்காகக் கேன்டீனில் கதையைப் பாதியில் விட முடியுமா? ஹீரோ முதலாளி அறைக்கதவை உடைக்கிறான், இருபது அடியாட்கள் பறக்கிறார்கள், அந்தக் கடிதத்தை முதலாளியையே மென்று முழுங்க வைக்கிறான். கேன்டீன் கைதட்டலில் அதிர்ந்தது. மறுநாளும் கேட்டார்கள், அடியாட்களை நாற்பதாக்கினேன். அந்த டைரக்டருக்கே இப்படித் தோன்றியிருக்காது.

ஏழுமலை எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு கழுவுமிடத்தில் வந்து நின்றான்.

"ண்ணா, நீ சொன்ன க்ளைமாக்ஸ் சூப்பரா கீது. படத்துலதான் இல்ல."

"இன்னாடா, என்னையே செக் பண்றியா?"

"ஞாயித்துக்கிழமை வா. நல்லா தூங்கி எழுந்து வா."

போனேன். படத்தில் ஹீரோ யாரையும் அடிக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு கம்பெனி கேட்டில் நின்று, "எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்க" என்கிறான். நாளைக்கு வரச் சொல்கிறார்கள். மறுநாளும் வந்து நிற்கிறான். அதற்கு மறுநாளும். அவ்வளவுதான்.

"இதுக்காடா கூப்ட்டே?" என்று எகிறினேன். ஏழுமலை தன் இடது கையை நீட்டினான். ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த கைதான். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்லியிருந்தான்.

"பழைய கம்பெனில, பிரஸ்ல போச்சுண்ணா. என் தப்புன்னு நானும் எழுதிக் குடுத்தேன். மொத வாட்டி அந்த சீன்ல தலையைக் குனிஞ்சிக்கினேன். ரெண்டாவது வாட்டிதான் நிமிர்ந்து பார்த்தேன். நீ அடிச்சான்னு சொன்னா, கை தட்டிட்டு லைனுக்குப் போயிடுவானுங்க. நின்னான்னு சொல்லுண்ணா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கேன்டீனில் என் கௌரவம் என்னாவது?

வெள்ளிக்கிழமை அதே கேன்டீனில் இரங்கல் கூட்டம். "எந்தப் புகாரும் சொல்லாத தொழிலாளி" என்றார் சூப்பர்வைசர். எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கை வாங்கினேன். "அந்தப் படத்துல நான் தூங்கிட்டேன். சொன்ன சண்டையெல்லாம் பொய்" என்று ஆரம்பித்து, நிஜ முடிவைச் சொன்னேன். ஏழுமலையின் விரலையும் சொன்னேன். "டைம் ஆயிடுச்சு" என்றார் சூப்பர்வைசர். "இன்னும் முடியல சார், உக்காருங்க" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. பிரஸ் செக்‌ஷன் ஆள் ஒருவன், எப்போதும் பேன்ட் பாக்கெட்டிலேயே இருக்கும் கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தான்.

ஏழுமலை எனக்கு விட்டுப்போனது அந்த முடிவு. இனி ஓர் அடியாளைக்கூடச் சேர்க்காமல், தினமும் அதைச் சொல்லப்போகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் வேறு மேஜைக்குப் போகலாம்.