திருவனந்தபுரத்தில் ஒரு சீமாட்டி

என் மனைவியின் தங்கை ராஜம் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மாதர் சங்கம் நாடகம் போடுகிறது, கதாநாயகி அவளே என்று சேதி வந்தது. நாடகம் எப்படியிருந்தாலும் ஊரைப் பார்க்கலாமே என்று போன தை மாதம் கிளம்பினேன்.

திருநெல்வேலியில் காலையில் ரயில் ஏறினால் செங்கோட்டை மலைக் குகைகளைத் தாண்டி, கொல்லம் வழியாக அன்றே திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். மூன்றாம் வகுப்புக்கு மூன்று ரூபாய்ச் சொச்சம். கரிப்புகைக்கு ஒரு துண்டு கையில் இருக்கட்டும். இங்கே சில்லறை சக்கரத்தில். நம் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஸ்ரீவராகத்துக்குக் குதிரை வண்டி நாலு சக்கரம் கேட்டது. நாடக விஷயம் வண்டிக்காரருக்கும் தெரிந்திருந்தது.

"பெண்ணுங்க மாத்திரம் களிக்கற நாடகமாம் சாமி. நல்ல தமாஷாக்கும்!"

கதை முந்நூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கிறது. ஸ்டூவர்ட் வம்சத்து அரசனுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை. ஒரு பிரபு அரசனோடு போர்க்களத்தில் இருக்க, அவர் மாளிகையை எதிரிகள் வளைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருந்து காப்பது மனைவி. அந்தக் காலத்தில் பல சீமாட்டிகள் உண்மையாகவே இப்படி நின்றார்கள். மூலிகை வடித்துக் காயத்துக்கு மருந்திட்டார்கள், வெடிமருந்தையும் அளந்து கொடுத்தார்கள். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலத்தைக்கூட ஆள்வது கணவன்தான்.

ராஜத்தோடு நடித்த, தாய்வழிச் சொத்துள்ள நாயர் குடும்பத்துப் பார்கவியம்மாவுக்கு இது ஒத்திகையிலும் பிடிபடவில்லை. "அய்யே! இத்தற வலிய துரைசானிக்கு ஸ்வந்தமா ஒரு தெங்கு கூட இல்லியோ?"

மண்டபத்தைப் பெண்கள் நாடகத்துக்குக் கொடுப்பது இதுவே முதல் முறை. ஏதாவது குழப்பம் நடந்தால் இதுவே கடைசி முறையும் என்று மண்டபத்தின் செயலாளர் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற வக்கீலான அவர், முதல் வரிசையில், நடுப்பாதையை அடைத்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

குழப்பம் வந்தது. சீமாட்டியின் அகன்ற பாவாடைக்காக, புத்தகப் படத்தைக் காட்டி, விழிஞ்ஞத்தில் மீன்கூடை முடைபவரிடம் பிரம்பு வளையம் செய்து வாங்கியிருந்தார்கள். அந்தச் சண்டை நடந்த காலத்துக்குள் இந்த வளையமே வழக்கொழிந்துவிட்டது என்று ஒரு சரித்திர ஆசிரியை சொல்லியும் ராஜம் கேட்கவில்லை. உடை மாற்றும் அறை மண்டபத்துக்கு வெளியே இருந்தது. மேடையின் பக்கவாசலில் வளையம் நுழையவில்லை. சாய்த்தாலும் நுழையவில்லை. உள்ளே, எதிரிப் படைத் தூதனாக மீசை வைத்த பார்கவியம்மா, "சரணடை!" என்று மூன்றாம் முறை கத்திவிட்டு விழித்துக்கொண்டு நின்றார். சபை சிரிக்கத் தொடங்கியது. செயலாளர் எழுந்து பக்கவாசலுக்கு வந்து, போதும் என்று கையை உயர்த்தினார்.

"மதி, மதி. திரை போடாம்."

"கழட்டிடேன்டி," என்றாள் ராஜத்தின் நாத்தனார். "மீன்கூடையைக் கட்டிண்டு எத்தனை நாழி நிப்பே?"

"கழட்டினா உள்பாவாடையோடதான் போகணும்," என்றாள் ராஜம். கூட்டம் தொடங்கியதிலிருந்து உதவிக்கு அங்கேயே நின்ற என் பக்கம் திரும்பினாள். "அத்திம்பேர், பெரிய வாசக் கதவு ரெண்டையும் திறந்து விடுங்கோ."

திறந்தேன். சபையின் பின்புறத்திலிருந்து நடுப்பாதை வழியே சீமாட்டி நடந்து வந்தாள். வளையம் இரு பக்கமும் நாற்காலிகளைத் தட்ட, ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒதுங்கினார்கள். சிரிப்பு நின்றது. திரை விழும் என்று தம் இடத்துக்குத் திரும்பியிருந்த செயலாளர் முன்னால் வந்து அவள் நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்து, தம் நாற்காலியைத் தாமே தூக்கி ஓரமாக வைத்தார்.

மேடைப் படியில் ஏறித் தூதனைப் பார்த்து, "என் வீட்டு வாசலில் நின்று என்னை வெளியேறச் சொல்ல நீ யார்?" என்றாள்.

முப்பது ஆண்டாகக் கூட்டங்களுக்குப் போய் எழுதுகிறவன் நான். அப்படியொரு கைதட்டலைக் கேட்டதில்லை. பார்கவியம்மாவின் மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திரை விழுந்ததும் செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். "அடுத்த கொல்லமும் ஹால் நிங்ஙளுக்குத் தன்னே." கொல்லம் என்றால் இங்கே வருஷம்.

அடுத்த தை மாதம் போக நினைப்பவர்களுக்கு: பாதி இடம் பெண்களுக்கென்று ஒதுக்கப்படும், ஆகவே ஆண்கள் முன்கூட்டியே சீட்டு வாங்குவது நல்லது. நடுப்பாதையில் யாருக்கும், செயலாளர் உட்பட, நாற்காலி கிடையாது. அது ராஜம் போட்ட நிபந்தனை.