சூறாவளிக்கு மொட்டை

எங்கள் மாமா எடுத்த ஒரே சூப்பர் ஹீரோ படத்தில் மொத்தம் நாற்பத்தொரு தப்பு. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. தப்பு கண்டுபிடிப்பதுதான் அந்தப் படத்தில் எனக்குக் கொடுத்த வேலை. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. திருப்போரூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். கல்யாண வீடுகளில் லைட் பிடிப்பார், ஒயர் சுருட்டுவார், மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்கச் சொல்வார். கேமராவை மட்டும் முதலாளி அவர் கையில் கொடுத்ததே இல்லை. சொந்தமாக ஒரு படம் எடுத்து முதலாளிக்குக் காட்டிவிட்டால் கேமரா கைக்கு வந்துவிடும் என்று மாமா முடிவு செய்தார். எடுப்பதற்கு அவரிடம் ஒரு செல்போன் இருந்தது.

கதை இதுதான்: சூறாவளி மனிதன் காற்றை ஏவிக் கெட்டவர்களை விரட்டுவான். அந்த மனிதன் என் அப்பா. கம்பெனி வேன் ஓட்டுகிற அவருக்கு நடிப்பும் தெரியாது, சண்டையும் தெரியாது. ஆனால் எங்கள் தெருவிலேயே அவருக்குத்தான் தலைமுடி அடர்த்தி. காற்றை ஏவுகிறவனுக்கு முடி பறக்க வேண்டாமா? மூன்று முறை கடத்தப்பட்டு மூன்று முறை காப்பாற்றப்படும் சிறுமி நான்.

தப்பு கண்டுபிடிக்கும் கூடுதல் பதவி எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் காய்ச்சல். அந்தக் கோடையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்திருந்தேன். என் வரையில் அது நல்ல காலம். கேட்டபோதெல்லாம் ஜூஸ் வந்தது, மாமாவின் செல்போன் என் கையிலேயே இருந்தது. படுத்தபடியே படம் படமாகப் பார்த்து, இந்தக் காட்சியில் வாட்ச் இடது கையில் இருந்தது, அடுத்ததில் வலது கைக்குப் போய்விட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னேன். மாமா அசந்துபோனார்.

"பாப்பா, நீதான் நம்ப படத்துக்குக் கன்டினியூட்டி. எது மாறினாலும் எழுதி வெச்சிக்கோ, இன்னா?" என்று ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு என்பதால் வாரம் ஒரு நாள்தான் படப்பிடிப்பு. அம்மாவின் பழைய நைட்டியை வெட்டி முதுகில் துணி கட்டினோம். என் நோட்டு வேகமாக நிரம்பியது. வில்லன் என்னைக் கடத்திய வேனும், துரத்திய போலீஸ் வேனும் அப்பாவுடைய ஒரே வேன்தான். வில்லனாக நடித்த ரீசார்ஜ் கடை பாய் பெருநாளுக்குத் தாடியைச் சரிசெய்துகொண்டு வந்ததால், ஒரு குத்து வாங்கியதும் அவருடைய பாதித் தாடி காணாமல் போனது. பின்னால் ஒரு நாய் குறுக்கே ஓடினால்கூட மாமா கத்துகத்தென்று கத்துவார்.

அப்புறம் ஆடிக் கிருத்திகை வந்தது. இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது, கூட்டத்தில் வேண்டாம் என்று என்னை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் கோயிலுக்குப் போனார்கள். திரும்பி வந்த அப்பாவின் தலையில் முடி இல்லை. சந்தனம்தான் இருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னாப்பா இப்டி பண்ணிட்ட? சண்டை சீன் பாக்கி கீதே!" என்று கத்தினேன். அப்பா தலையைத் தடவிக்கொண்டு அசட்டுத்தனமாகச் சிரித்தார். அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமா குதிக்கப்போகிறார் என்று பார்த்தால், நாய்க்கே கத்துகிறவர், "வுடு பாப்பா, பாத்துக்கலாம்" என்று சொல்லி என் தலையில் கைவைத்தார். நான் முறைத்துக்கொண்டே நோட்டில் பெரிதாக எழுதினேன்: முப்பதாவது தப்பு, அப்பா மொட்டை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பள்ளிக்கூட நாடகத்துக்கு வாங்கிய விக்கை அப்பாவுக்கு மாட்டிப் பார்த்தோம். திருவிடந்தைக் கடற்கரையில் அவர் கையை உயர்த்திக் காற்றை ஏவியதும், நிஜக் காற்று வந்து விக்கைத் தூக்கிக் கடலில் போட்டது. கடைசியில் வழி சொன்னவள் நான்தான். 'எனக்குப் பவர் வந்தா முடி போயிடும், பவர் போனா முடி வந்துடும்' என்று அப்பாவை ஒரு வரி பேச வைத்துப் படத்தின் ஆரம்பத்தில் சேர்த்துவிட்டோம். ஓட்டை அடைபட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

சமுதாயக் கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படத்தைப் போட்டோம். முன்வரிசை நாற்காலியில் ஸ்டுடியோ முதலாளி. பின்னால் மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு நகத்தைக் கடித்தார். முதல் மொட்டை வந்தது, ஜனம் பொறுத்துக்கொண்டது. அடுத்து அப்பா இட்லி சாப்பிடும் காட்சி. முதலில் எடுத்தபோது கோயில் ஸ்பீக்கர் சத்தம் விழுந்துவிட்டதால், பாதியை மொட்டைக்குப் பிறகு திரும்ப எடுத்திருந்தோம். முதல் வாய்க்கு முடி, இரண்டாவது வாய்க்கு மொட்டை, சட்னி தொடும்போது மறுபடியும் முடி.

"யோவ், இட்லி துன்றதுக்கு இன்னாத்துக்குயா பவரு?" என்று இருட்டில் ஒரு குரல்.

கூடமே சிரித்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய கேமரா என்னால்தான் போகிறது என்று அழுகை முட்டியது. ஆனால் சிரித்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் "முடி!" "மொட்டை!" என்று கத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் மொட்டைத் தலையோடு அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கடலோரம் ஓடியபோது விசில் பறந்தது.

முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சண்டைப் படமா இது, காமெடிப் படமா?"

"சண்டைப் படம்தாண்ணா," என்றார் மாமா, குரலே எழும்பாமல்.

"எதுவா இருந்தா இன்னா, ஒருத்தனும் எழுந்து போவலியே. வர்ற முகூர்த்தத்துக்கு நீயே கேமரா புடி."

மாமா இன்றைக்கும் கல்யாணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார், சொந்த ஸ்டுடியோவில். போன மாதம் அந்தப் பழைய படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்தோம். மொட்டை வந்ததும் வழக்கம்போல் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு வேண்டிக்கினது உன் தலையடி," என்றாள். "ஏழாம் நாளு டாக்டரு கைய விரிச்சிட்டாரு. பொழச்சி வந்தா உனக்கு மொட்ட போடறன்னு வேண்டிக்கினேன். உங்கப்பாதான், கொழந்த ஆசயா முடி வளத்துகினு கீது, முருகனுக்கு எந்தத் தலையா இருந்தா இன்னான்னு போயி உக்காந்துகினாரு."

மாமாவுக்கும் தெரியுமாம். என் காதில் மட்டும் போடவில்லை.

வாசலில் அப்பா வேன் கழுவும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். வேன் போலீஸ் வேனாகிறது, பாயின் தாடி குறைகிறது, அப்பாவின் முடி வருகிறது, போகிறது. காட்சிக்குக் காட்சி எல்லாம் மாறுகிறது. என் இரட்டைச் சடை மட்டும் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அப்படியே இருக்கிறது. நோட்டு நிறையத் தப்பு எழுதிய நான் அதைக் கவனிக்கவே இல்லை.