யாரும் ஏறாத வாடகைப் படகு

மயிலாப்பூர்க் கால்வாயைச் சுத்தம் செய்து உல்லாசப் படகு விடப்போகிறார்களாம் என்று என் பையன் செல்போனைப் பார்த்துச் சொன்னான். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குத் தெரிந்து அந்தத் தண்ணீரில் முதன்முதலாக ஜனங்களை உல்லாசத்துக்கு ஏற்றியவர் என் தாய்மாமாதான்.

அதற்கு முன்னால் அந்தப் படகில் அவர் சவுக்குக் கட்டை ஏற்றி வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு ஸ்டவ் வந்ததும் விறகுக்கு மவுசு போயிற்று. படகையே விறகாக உடைத்துவிடலாம் என்றார் முதலாளி. மாமா கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கினார். காணும் பொங்கல் அன்று ஊரே கடற்கரைக்குப் போகும். வழியில் கால்வாயில் ஒரு சுற்று காட்டினால் வரமாட்டார்களா? ஆள் ஏறினால் படகு மாமாவிடம் வாடகைக்கு இருக்கும். ஏறாவிட்டால் மறுநாள் கோடாலி.

எங்கள் வீட்டில் சாமியை முன்னால் வைக்காமல் எதுவும் தொடங்கமாட்டோம். மாமா விடியற்காலையிலேயே படகைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முனையில் வேப்பிலை கட்டி, சாமந்தி மாலை போட்டார். வீட்டிலிருந்த அம்மன் படத்தையே கொண்டுவந்து முன்பலகையில் சாய்த்தார். லாரிக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். படகுக்குச் சக்கரம் ஏது? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் பழத்தைப் படகுக்கு அடியில் சேற்றில் செருகித் தள்ளினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்துக்கும் கரைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். பாலத்தில் கூட்டமான கூட்டம். கரும்பும் கட்டுச்சோறுமாக வருகிறார்கள், படகைப் பார்த்து நிற்கிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் இறங்கி வந்து குங்குமம் கேட்டார்கள். ஒருவரும் ஏறவில்லை.

"வாங்க, வாங்க, ஜாலியா ஒரு ரவுண்டு!" என்று மாமா கூவினார்.

"இன்னா நைனா, சாமி படகுல கால வைக்கச் சொல்றியே, நல்லாக் கீதா?" என்றார் ஒரு பெரியவர்.

படத்தை எடுத்துவிடலாமே என்றேன். மாமா என்னை முறைத்தார். வியாபாரம் ஆகவில்லை என்று வைத்த சாமியை எடுப்பதா? எதிர்க்கரையில் முதலாளி குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

உச்சி வெயிலில் மாமா வீட்டுக்கு ஓடிப்போய் என் அம்மாவை அழைத்துவந்தார். ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் நாலு பேருக்குத் தைரியம் வரும் என்று நினைத்தார்.

அம்மா கோயில் குளத்தில்கூட மேல்படியைவிட்டு இறங்கமாட்டாள். கடற்கரைக்கு எங்களைக் கூட்டிப்போனதே இல்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏன்டா, வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?" என்றாள் மாமாவிடம்.

"சும்மா குந்திக்கினு இரு அக்கா, அது போதும்."

அம்மா படகைப் பார்த்தாள். எதிர்க்கரைக் குடையைப் பார்த்தாள். ஏறிவிட்டாள். நானும் தாவி ஏறினேன்.

மாமா கழியை ஊன்றித் தள்ளியதும் படகு ஆடியது. அம்மா இரண்டு கையாலும் பலகையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு முணுமுணுத்தது. முதலில் தோள் நடுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. மஞ்சள் பூசிய முகம், பெரிய பொட்டு, பக்கத்தில் வேப்பிலை.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று பாலத்தில் யாரோ கத்தினார்கள்.

கரை கொள்ளாத கூட்டம். மாமா அரண்டுபோய்ப் படகைக் கரையோரம் திருப்பினார். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி சேற்றில் இறங்கி வந்தாள்.

"தாயே, புள்ள ஓயாம அழுவுது. இன்னா குறைன்னு சொல்லு தாயே."

அம்மா கண்ணைத் திறந்து மலங்க மலங்க விழித்தாள்.

"இன்னா பாத்துக்கினு கீற? ஏறி ஏங்கூட குந்து. கையைப் புடிச்சுக்கோ!"

ஆத்தாளே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அவள் ஏறினாள், அவள் புருஷன் ஏறினான், பின்னால் இன்னும் பலர். அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள், அந்தப் பெண்ணின் கையை விடவே இல்லை. படகு ஆடிய ஆட்டத்தில் குழந்தை தூங்கிப்போனது. அதோடு கரையில் தள்ளுமுள்ளு. பொழுது சாயும்வரை மாமா கழியைக் கீழே வைக்கவில்லை, அம்மாவும் இறங்கவில்லை. எனக்குப் பசி, கால் மரத்துவிட்டது, எப்போது முடியும் என்று நெளிந்துகொண்டிருந்தேன். முதலாளி எப்போது குடையை மடக்கிக்கொண்டு போனார் என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் கோடாலி வரவில்லை.

அன்றிரவு வீட்டில் அம்மாவின் உள்ளங்கையில் பலகைச் சிராய் ஏறியிருந்தது. அப்பா ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆத்தா வந்தாளா என்று கேட்டால் வந்தாள் என்றுதான் இன்றும் சொல்வேன். அவள் துணை இல்லாமல் அம்மா அந்தப் படகில் கால் வைத்திருக்கமாட்டாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்தானாம். ஒரு மழைக்காலத்தில் அதே கால்வாய் அவனைக் கொண்டுபோய்விட்டதாம். அம்மா காலமான அன்று, "உன்னப் போயி அந்தத் தண்ணியில ஏத்திட்டனே அக்கா" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

படகு விட்ட அன்றைக்கோ எனக்கு அம்மாமேல் கோபம்தான். "அவ்ளோ ரவுண்டு போயும் கண்ண மூடிக்கினே இருந்தியே, ஒண்ணுமே பாக்கலியேம்மா" என்று குறைபட்டுக்கொண்டேன்.

"பாத்துக்கினுதான்டி இருந்தேன்" என்றாள்.

அம்மனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.