அண்ணனுக்கு ஊற்றிய தண்ணீர்

பாலைவனத்துச் செடியை மலாக்காவில் வளர்ப்பவனுக்கு மறை கழன்றிருக்க வேண்டும் என்பது என் அண்ணியின் கருத்து. எங்கள் குடும்பத்தில் அப்படிக் கழன்றவர்கள் இரண்டு பேர். பெம்பானில் என் அண்ணன், புக்கிட் பெருவாங்கில் நான். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தகரக்கூரை மழைச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மழையே ஆகாத கள்ளிச்செடிமேல் எங்களுக்கு எப்படி ஆசை வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. காரணம் சொல்லத் தெரிந்தால் அது ஆசையா என்ன?

இந்த ஊரில் கள்ளிக்கு எதிரி தண்ணீர்தான். மதியம் மண்டையைப் பிளக்கிற வெயில், மாலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அண்ணன் வீட்டு வாசல் முழுக்கக் கண்ணாடி போன்ற கூரை போட்டு, தொட்டிகளில் மண்ணுக்குப் பதில் சிறு கற்களாக நிரப்பி வைத்திருந்தார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு தொட்டியாகக் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் ஈரம் காயவில்லை என்று அர்த்தம். உடனே முகம் மாறிவிடும்.

"தாகத்துல செத்த கள்ளிய நான் பாத்ததே இல்லடா. எல்லாம் தண்ணி குடிச்சிதான் சாவுது லா" என்பார்.

முள்ளுச்செடி வீட்டுக்குள் ஆகாது என்பது அண்ணியின் சட்டம். வாசலோடு சரி. ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆஸ்ட்ரோபைட்டம் என்று பெயர். அண்ணன் விதை போட்டு எழுப்பியது. பரங்கிக்காயை மேலிருந்து அமுக்கிவிட்டது போல் தட்டையாக, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். ஒரு முள் கிடையாது. "முள்ளே இல்லாத செடிக்கு என்னா சட்டம் பேசுற?" என்று வாதாடி அண்ணன் அதை ஹால் ஜன்னலில் காலை வெயில் படும்படி வைத்தார். பல வருடங்கள் ஆகியும் அது ஒரு மொட்டு விடவில்லை.

"ஒங்கள மாதிரிதான் தம்பி, சாப்புட்டுட்டுச் சும்மா ஒக்காந்திருக்கு" என்று அண்ணி என்னையும் சேர்த்து வாருவார்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிய அண்ணன், கார் கதவைத் திறந்தபடியே சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார்கள். போனவருக்குத் தாகம் எடுக்கும் என்று கருமாதி வரைக்கும் வைப்பது எங்கள் வழக்கம். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்றிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பொதுவாக ஒரு செடியின் அடியில் ஊற்றுவார்கள். அண்ணி எந்தச் செடியில் ஊற்றுகிறார் என்று கேட்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

கருமாதியன்று மதியம் இலையில் படையல் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தார். ஆஸ்ட்ரோபைட்டம் பூத்திருந்தது. மஞ்சள் பூ, நடுவில் சிவப்பு, செடியையே மறைக்கிற அளவு.

"வந்துட்டாரு பாருங்க தம்பி. தெனமும் தண்ணிய இவருக்குத்தான் ஊத்துனேன்."

உறவினர்கள் கும்பிட்டார்கள். யாரோ கற்பூரம் காட்டினார்கள். நான் பூவைத் தொடுவது போல் செடியின் அடியை அழுத்திப் பார்த்தேன். கனிந்து விட்ட கொய்யா போல் விரல் உள்ளே போனது. சாகப்போகிற செடி சில வேளை அவசரமாகப் பூத்துவிடும். அப்போதே அழுகலை வெட்டி, நல்ல பகுதியை வேறொரு கள்ளியின்மேல் ஒட்டியிருந்தால் பிழைத்திருக்கும்.

"அண்ணி, இத கொஞ்சம் வெட்டி ஒட்டுனா நல்லது."

"அவர வெட்றதுக்கா வந்தீங்க?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நாளில் அண்ணன் மகள் வந்து அண்ணியை ஜொகூருக்கு அழைத்துப் போனாள். வாசல் செடிகளை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்ட்ரோபைட்டத்தை மட்டும் அண்ணி தன் கையால் என் காரில் வைத்தார். "மகள் வூட்ல வெயில் இல்ல தம்பி. அவர நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். சீட் பெல்ட்டைக்கூட இழுத்துத் தொட்டிக்கு மாட்டிவிட்டார். பெம்பானிலிருந்து வீடு வந்து சேரும்வரை காருக்குள் லேசான புளித்த வாடை. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் கத்தியைச் சுத்தம் செய்து வெட்டினேன். உள்ளே காவி நிறம். இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினேன், அங்கேயும் காவி. பூ இருந்த உச்சிவரை அப்படித்தான். ஒட்டுவதற்கு ஒரு விரல்நகம் அளவுகூட நல்ல சதை மிஞ்சவில்லை. துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அதே தொட்டியில் போட்டு மேலே கற்களைப் பரப்பி மூடினேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. செடி செத்தது தெரிந்தால் எதனால் செத்தது என்று அண்ணி கேட்பார். நீங்கள் ஊற்றிய தண்ணீரால்தான் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குப் பொய்யே தேவலை.

போன வெள்ளிக்கிழமை அண்ணி போன் செய்தார்.

"அவரு எப்படி இருக்காரு தம்பி?"

"நல்லா இருக்காரு அண்ணி."

"போனக் கொஞ்சம் அவருகிட்ட கொண்டு போங்களேன். ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

மறுக்க முடியவில்லை. வாசலுக்குப் போய்த் தொட்டியருகே போனை நீட்டிக்கொண்டு நின்றேன். பேத்தியின் பள்ளிக்கூடம், மூட்டுவலி, மகள் வீட்டு லிப்ட் என்று அண்ணியின் குரல் சன்னமாகக் கேட்டது. பிறகு பேச்சு நின்றது. பதிலைக் கேட்பவர் போல் "ம்… ம்…" என்றார். "சரி, தம்பிகிட்ட நானே சொல்றேன்" என்றார். போனைக் காதில் வைத்தேன்.

"தம்பி, மேல என்னமோ கல்லு கெடக்காம். மூச்சு முட்டுதாம் அவருக்கு. கொஞ்சம் தள்ளி விடுங்க."

"சரி அண்ணி" என்றேன். குனிந்து, கற்களை விரலால் ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தேன்.