குகைப் பாறைக்கு நான் வைத்த பொட்டு

சென்னையிலிருந்து வேலைக்காக மலேசியாவின் ஜார்ஜ் டவுனுக்குக் குடிவந்திருந்தோம். ஒரு விடுமுறையில் எட்டு வயது மகளோடு லெங்கோங் குகைகளைப் பார்க்கப் போனேன். ஆதிமனிதர் வாழ்ந்த இடம். உள்ளே லிங்கம் போலவே ஒரு பாறை. கை சும்மா இருக்குமா? குங்குமத்தை எடுத்துப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

"துடைங்கம்மா! வாடகை வீட்டுச் சுவத்துல ஸ்டிக்கர்கூட ஒட்ட விட மாட்டீங்க. இதுவும் நம்ம வீடு இல்ல லா!" என்றாள் மகள், இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே 'லா' சேர்த்து.

"சாமி விஷயத்துல வாயாடாதே. வா, போகலாம்."

"துடைச்சாதான் வருவேன்" என்று அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மிரட்டினேன், கெஞ்சினேன். அவள் அசையவில்லை. கடைசியில் துப்பட்டாவை நனைத்து நானே துடைத்தேன். சிவப்பு முழுதாகப் போகவில்லை.

பிள்ளைக்கு ரொம்பத் திமிர் என்கிறார்கள் உறவினர்கள். இருக்கட்டுமே. அதை நான் அடக்கப் போவதில்லை. பாறையில் கறை வைத்தது அவள் இல்லை, நான்.